டொமைன் பின்னொட்டுகள்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை கடைகளுக்கும் விடுதிகளுக்கும் சங்கங்களுக்கும் இணையத்தளம் செய்துகொடுப்பது என் தொழில். டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், எடுக்கும் கட்டம் வந்தவுடன் எல்லோரும் அநேகமாக ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். புதிய பின்னொட்டுகளுக்கு மறுபடியும் விண்ணப்பம் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி பரவியதிலிருந்து அது இன்னும் கூடிவிட்டது. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். ஆங்கிலப் பின்னொட்டுகளை வாசிக்கும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன்.

பின்னொட்டு எண்டா என்னது? எல்லாரும் டொட் கொம் தானே போடுற?

இணைய முகவரியில் கடைசிப் புள்ளிக்குப் பிறகு வருவதுதான் பின்னொட்டு. கொம், ஓர்க், நெட் எல்லாம் பொதுப் பின்னொட்டுகள். எல்கே, ஐஎன், எஸ்ஜி போன்ற இரண்டெழுத்துகள் நாடுகளுக்குரியவை. அவை ஐஎஸ்ஓ 3166 என்ற சர்வதேசப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவை.

கொம் 1985 இல் வந்தது. வணிகத்துக்குக் கொம், அமைப்புகளுக்கு ஓர்க், வலையமைப்பு நடத்துவோருக்கு நெட் என்றுதான் பிரித்தார்கள். அந்தப் பிரிவினை நெடுநாள் நிலைக்கவில்லை, இன்று யாரும் எதையும் எடுக்கலாம். எல்கே 1990 இல் வந்தது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கிஹான் டயஸ் அதைத் தொடங்கிவைத்தவர். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக முகவரியில் எல்கேக்கு முன்னால் ஏசி வருகிறதே, அது எல்கேக்குள்ளேயே கல்வி நிறுவனங்களுக்கென ஒதுக்கிய பகுதி. பாடசாலைகளுக்கு எஸ்சிஎச் என்று தனியாக இருக்கிறது.

இப்ப மொத்தம் எத்தனை இரிக்கு?

ஆயிரத்து நானூறுக்கு மேல். அதில் பெரும்பகுதி ஒரே சுற்றில் வந்தது. 2000 ஆம் ஆண்டு நவம்பரில் ஏழு பின்னொட்டுகளைத் தெரிவு செய்தார்கள்: இன்ஃபோ, பிஸ், நேம், புரோ, ஏரோ, கூப், மியூசியம். 2004 இல் தொடங்கிய சுற்றில் ஏசியா, மோபி, டிராவல் போல இன்னும் சில. பிறகு 2012 இல் கதவைத் திறந்துவிட்டார்கள். 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றிலிருந்து 1,200 இற்கு மேற்பட்ட பின்னொட்டுகள் நடைமுறைக்கு வந்தன. ஷொப், ஒன்லைன், எக்ஸ்வைஇசட் எல்லாம் அந்தக் கூட்டம்தான்.

ஆரு இதைத் தீர்மானிக்கிற? அமெரிக்காக்காரனா?

1998 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஐகான் என்ற இலாப நோக்கற்ற நிறுவனம். அதற்கு முன் இந்தப் பட்டியலை ஜோன் போஸ்டல் என்ற ஒரு கணினி விஞ்ஞானிதான் ஏறக்குறையத் தனியாளாகப் பார்த்துக்கொண்டார். அமெரிக்க அரசின் மேற்பார்வை ஒப்பந்தம் 2016 ஒக்டோபர் 1 ஆம் திகதி முடிவுக்கு வந்துவிட்டது. இப்போது அரசாங்கங்கள் ஆலோசனை சொல்லலாம், நேரடியாக உத்தரவு போட முடியாது. ஆனால் நாட்டுப் பின்னொட்டுகளின் விதிகளையும் விலையையும் அந்தந்த நாட்டில் அவற்றை நடத்தும் பதிவகமே தீர்மானிக்கிறது. எல்கே விலையைப் பற்றி ஐகானிடம் முறையிட்டுப் பயனில்லை.

கம்பியூட்டருக்க இடமில்லாமலா இத்தனை வருசம் கூட்டாம இருந்தாங்க?

இடப் பிரச்சினை இல்லை. விவாதத்தின் மையமே இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எல்லாப் பின்னொட்டுகளும் எழுதப்பட்டிருக்கும் மூலப் பட்டியல் மிகச் சிறியது. கொம் என்ற ஒரே பின்னொட்டுக்குள் 15 கோடிக்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன, அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியானால் மேல்மட்டத்தில் சில ஆயிரம் பெயர்களைத் தாங்க முடியாது என்று எப்படிச் சொல்வது? பொறியியலாளர்களின் கவலை எண்ணிக்கையில் இல்லை, வேகத்தில் இருந்தது. ஒரேயடியாகச் சேர்த்து ஏதாவது பிழைத்தால் உலகம் முழுக்க அடிபடும். அதனால்தான் 2012 சுற்றில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் சேர்ப்பதில்லை என்று வரம்பு வைத்தார்கள்.

1996 இலேயே போஸ்டல் 150 புதிய பின்னொட்டுகள் வரை சேர்க்கும் திட்டத்தை முன்வைத்தார். அடுத்த ஆண்டு ஒரு சர்வதேசக் குழு அதை ஏழாகக் குறைத்தது. அந்த ஏழும்கூட அப்போது வரவில்லை. வணிகக்குறி வைத்திருந்த பெரிய கொம்பனிகள் எதிர்த்தன, அமெரிக்க அரசு குறுக்கே நின்றது. கொம் பெயர்களை விற்கும் தனியுரிமை ஒரே கொம்பனியிடம் இருந்த காலம் அது. 1995 இலிருந்து ஒரு பெயருக்கு இரண்டு வருடத்துக்கு 100 டொலர். வேறு பின்னொட்டு வராமல் இருந்தால் யாருக்கு இலாபம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

எதிர்த்தவர்கள் எல்லோரும் வியாபாரிகள் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். உலகளாவிய வலையைக் கண்டுபிடித்த டிம் பேர்னர்ஸ் லீ 2004 இல் கைபேசித் தளங்களுக்கான மோபி, வயதுவந்தோர் தளங்களுக்கான எக்ஸ்எக்ஸ்எக்ஸ் இரண்டையும் எதிர்த்தார். கைபேசிக்கு ஒரு வலை, கணினிக்கு ஒரு வலை என்று பிரிப்பது வலையின் அடிப்படைக்கே முரண் என்பது அவர் வாதம். மோபியைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியாகிப் போனது. இன்று ஒரே தளம்தான் எல்லாத் திரையிலும் திறக்கிறது.

சரி, கூட்டினாங்க. நல்ல பேர் மலிவாக் கிடைச்சிதா?

அரைவாசி உண்மை. அறுகம்பையில் விடுதி வைத்திருப்பவருக்குக் கொம்மில் ஊர்ப்பெயர் கிடைக்காது, யாரோ எப்போதோ எடுத்துவிட்டார். சேர்ஃப் என்ற பின்னொட்டு 2012 சுற்றில் வந்தது. அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டுக்காரருக்கு அது கண்ணில் பட்டவுடன் விளங்கும். அந்த வகையில் நன்மைதான்.

ஆனால் புதிய பின்னொட்டுகளை நடத்துபவர்களும் கெட்டிக்காரர்கள். நல்ல ஒற்றைச் சொற்களை முதலே பிரித்தெடுத்து "பிரீமியம்" என்று பெயர் வைத்து, ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில், சில நேரம் ஆயிரக்கணக்கில் டொலர் கேட்கிறார்கள். தட்டுப்பாடு ஒழியவில்லை, கை மாறியிருக்கிறது. முன்பு பெயரைப் பதுக்கியவர் இலாபம் பார்த்தார், இப்போது பின்னொட்டை நடத்துபவர் பார்க்கிறார். இத்தனை வந்தும் கொம் அசையவில்லை என்பதையும் கவனியுங்கள்.

முதல் வருசம் 500 ரூபா எண்டான். அடுத்த வருசம் பத்து மடங்கு கேக்கான். ஏமாத்திட்டானா?

சட்டப்படி ஏமாற்றவில்லை. முதலாண்டு விலை ஆளைப் பிடிக்கிற விலை, உண்மையான விலை புதுப்பிப்பு விலைதான். டொமைனை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. வயற்காணியைக் குத்தகைக்கு எடுக்கிற மாதிரிதான்: தவணை முடிய, காணிக்காரன் சொல்லும் விலைக்குச் சம்மதித்தால் தொடரலாம். எடுப்பதற்கு முன் "ரினியூவல் எவ்வளவு?" என்று கேளுங்கள். அதை முகப்பில் காட்டாமல் சின்ன எழுத்தில் ஒளித்துவைக்கும் இடத்தில் எடுக்காதீர்கள்.

கொம்மை நடத்தும் கொம்பனி டொமைன் விற்பவர்களிடம் வாங்கும் விலை ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்தப்பட்டது. 2024 செப்டெம்பரில் அது 10.26 டொலர் ஆனது. புதிய பின்னொட்டுகளுக்கு அப்படி உச்சவரம்பு இல்லை. நடத்துநர் விலை கூட்டுவதென்றால் ஆறு மாதம் முன்னரே அறிவிக்கவேண்டும், அதற்குள் பத்து வருடம் வரை பழைய விலைக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று மட்டும் விதி இருக்கிறது. அந்த அறிவித்தல் டொமைன் விற்ற கொம்பனிக்குப் போகும். அவர்கள் உங்களுக்குச் சொல்லுவார்களா என்பது அவர்களின் நாணயத்தைப் பொறுத்தது.

நம்ம சங்கத்துக்கு ஓர்க் தானே நல்லம்? அது சேவைக்குள்ளது, விலை கூட்டமாட்டாங்க எண்டு சொல்றாங்க.

கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிருவாகங்களும் கேட்பது. ஓர்க்குக்கு இருந்த விலை வரம்பை 2019 ஜூனில் எடுத்துவிட்டார்கள். அதே வருட நவம்பரில், அதை நடத்தும் நிறுவனத்தை 113 கோடி டொலருக்கு ஒரு தனியார் முதலீட்டுக் கொம்பனிக்கு விற்கப் போவதாக அறிவிப்பு வந்தது. உலகம் முழுவதும் தொண்டு நிறுவனங்கள் எதிர்ப்புக் கிளப்பின. 2020 ஏப்ரல் 30 இல் ஐகான் அந்த விற்பனைக்கு ஒப்புதல் தர மறுத்தது.

இன்னும் நல்ல தெரிவுதான். ஆனால் எந்தப் பின்னொட்டும் தர்மத்துக்கு நடப்பதில்லை என்று தெரிந்துகொண்டு எடுங்கள்.

அப்ப எல்லாப் பின்னொட்டிலயும் எங்கட கடைப் பேரை வாங்கி வைக்கணுமா? வேற ஆரும் எடுத்திட்டா?

மருதமுனைக் கைத்தறி வியாபாரி ஒருவர் பட்டியலே எழுதிக்கொண்டு வந்து கேட்டார். வேண்டாம். ஆயிரத்துச் சொச்சம் பின்னொட்டிலும் வாங்கினால் கடையை விற்கவேண்டி வரும். கொம், எல்கே இரண்டும் போதும், வேண்டுமானால் மேலே சொன்னபடி பொருத்தமான புதியது ஒன்று.

இந்தப் பயத்தைத்தான் 2011 இல் அமெரிக்காவின் பெரிய விளம்பரதாரர் சங்கம் கையிலெடுத்தது. தேவையில்லாத பெயர்களுக்கும் காவல் காசு கட்டவேண்டி வரும் என்றார்கள். ஐகானின் முதல் தலைவராக இருந்த எஸ்தர் டைசனே விரிவாக்கத்துக்கு எதிராக அமெரிக்க செனட் குழுவின் முன் பேசினார். பயம் முழுக்கக் கற்பனை இல்லை. 2015 இல் சக்ஸ் என்ற பின்னொட்டு வந்தபோது வணிகக்குறி வைத்திருந்தவர்களிடம் ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 2,499 டொலர் கேட்டார்கள். திட்டும் சொல்லைப் பின்னொட்டாக்கி, அதிலிருந்து தப்பக் காசு கேட்ட வேலை அது. விரிவாக்கத்தை ஆதரிக்கும் எனக்கும் அது பிடிக்கவில்லை.

பெயரை யாராவது கெட்ட நோக்கத்தோடு எடுத்தால் 1999 இலிருந்து ஒரு தகராறு தீர்க்கும் முறை இருக்கிறது. உலக அறிவுசார் சொத்து அமைப்பில் முறையிட ஆகக் குறைந்தது 1,500 டொலர் கட்டணம், கையில் வணிகக்குறி உரிமையும் இருக்கவேண்டும். நம் பக்கத்துக் கடைகளில் எத்தனை பேர் வணிகக்குறி பதிந்திருக்கிறார்கள்? டொமைனுக்கு முன் அதைப் பாருங்கள்.

புதுப் பின்னொட்டு எடுத்தா கூகிள் மேல காட்டுமாமே?

இல்லை. பின்னொட்டை வைத்து இடம் கொடுப்பதில்லை என்று கூகிளே 2015 இல் சொல்லிவிட்டது.

போனுக்கு வாற கள்ள மெசேஜ் எல்லாத்திலயும் கேள்விப்படாத பின்னொட்டாத்தான் இரிக்கு. கூட்டினதால வந்த வினை தானே?

ஒரு பங்கு உண்மை. மோசடிக்காரருக்குத் தேவை மலிவு: இன்று எடுத்து, நாளை வீசிவிடும் பெயர். மேலே சொன்ன முதலாண்டு மலிவு விலை அவர்களுக்கென்றே செய்தது போல அமைகிறது. ஆனால் இலவசமாகப் பெயர் கொடுத்து மோசடிக்குப் பேர்போன டீகே புதிய பின்னொட்டே இல்லை. அது பசிபிக்கில் உள்ள டோக்கலாவ் தீவுகளின் நாட்டுப் பின்னொட்டு. அதை இலவசமாக விநியோகித்த கொம்பனிமீது 2023 இல் பேஸ்புக்கை நடத்தும் மெட்டா வழக்குப் போட்டது, அதோடு புதிய பதிவுகள் நின்றன. எண்ணிக்கைக் கணக்கில் கொம்மிலும் மோசடித் தளங்கள் ஏராளம்.

மறுபக்கம் பேங்க் என்ற பின்னொட்டு இருக்கிறது. உண்மையான வங்கி என்று சரிபார்த்த பிறகே பெயர் கொடுப்பார்கள். ஆகவே பிழை எண்ணிக்கையில் இல்லை, வாசலில் யாரைச் சோதிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து, மோசடி பற்றி ஆதாரத்தோடு முறையிட்டால் நடவடிக்கை எடுத்தேயாகவேண்டும் என்று ஐகான் ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறது. உம்மாவுக்கும் அம்மாவுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்றுதான்: பார்சல் வந்திருக்கிறது, காசு கட்டு என்று வரும் இணைப்பை எந்தப் பின்னொட்டானாலும் அழுத்தவேண்டாம்.

டொட் இலங்கை எண்டு தமிழ் எழுத்திலயே இரிக்காம். ஆரும் பாவிக்கிறதைக் காணல்லயே?

இருக்கிறது, 2010 இலிருந்து. ஆங்கிலமல்லாத எழுத்துகளில் நாட்டுப் பின்னொட்டு எடுக்கும் விரைவுத் திட்டத்தை ஐகான் 2009 இல் தொடங்கியபோது, இலங்கை தமிழிலும் சிங்களத்திலும் சேர்த்தே விண்ணப்பித்தது. இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் தமிழ் எழுத்தில் பின்னொட்டு உண்டு. தமிழில் இன்று இருப்பவை இந்த மூன்றும்தான்.

ஏன் காணக்கிடைக்கவில்லை என்றால், பின்னொட்டைப் பட்டியலில் சேர்ப்பது சுலபம், உலகத்து மென்பொருள்களை அதை ஏற்றுக்கொள்ளச் செய்வதுதான் பெரும்பாடு. உள்ளே கணினி அந்தத் தமிழ்ப் பெயரை எக்ஸ்என் என்று தொடங்கும் ஒரு புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றித்தான் வைத்துக்கொள்கிறது. சில செயலிகள் அந்தக் கோவையை அப்படியே காட்டிவிடும், பார்ப்பவர் வைரஸ் என்று பயந்துவிடுவார். மின்னஞ்சல் இன்னும் மோசம். தமிழ் முகவரிக்கான தொழில்நுட்ப விதிகள் 2012 இலேயே எழுதியாயிற்று, ஆனால் வங்கிப் படிவமோ பரீட்சை விண்ணப்பமோ அப்படி ஒரு முகவரியைக் கொடுத்தால் "பிழையான மின்னஞ்சல்" என்று திருப்பியடிக்கும். இதைத் திருத்துவதற்கென்றே 2015 இலிருந்து ஐகான் ஆதரவில் ஒரு குழு வேலை செய்கிறது.

என் யோசனை: எல்கேயில் ஒன்று எடுங்கள், தமிழில் ஒன்றையும் எடுத்து இரண்டையும் ஒரே தளத்துக்குத் திருப்பிவிடுங்கள். பெயர்ப்பலகையிலும் திருவிழா நோட்டீசிலும் தமிழ் முகவரியைப் போடலாம், மின்னஞ்சலுக்கு ஆங்கில முகவரி இருக்கட்டும். காரைதீவிலோ களுவாஞ்சிகுடியிலோ ஒரு நூலகம், ஒரு வாசகர் வட்டம் இதைச் செய்தால் ஆகும் செலவு சிறியது. யாரும் பாவிக்கவில்லை என்பதற்காக நாமும் பாவிக்காமல் இருந்தால் மென்பொருள்காரர் திருத்தவே மாட்டார்.

தமிழில டொட் கொம் மாதிரி பொதுவான ஒண்டு ஏன் வரல்ல?

காசு. 2012 இல் ஒரு பின்னொட்டுக்கு விண்ணப்பக் கட்டணம் மட்டும் 185,000 டொலர். 1,930 விண்ணப்பங்களில் 911 வட அமெரிக்காவிலிருந்து போனவை. முழு ஆபிரிக்காவிலிருந்தும் 17. வசதி குறைந்தவர்களுக்குக் கட்டணக் குறைப்பு என்று ஒரு திட்டமும் அப்போது இருந்தது. அதற்கு விண்ணப்பித்தவர்கள் உலகம் முழுக்க மூன்றே பேர், அதில் ஒருவர்தான் தேறினார். இப்படி ஒரு சலுகை இருப்பதே தேவைப்பட்டவர்களுக்குத் தெரியவில்லை.

புதிய சுற்றில் கட்டணம் 227,000 டொலர். ஆறு கோடி ரூபாயைத் தாண்டும். தகுதியுள்ள இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு 75 முதல் 85 சதவீதம் வரை கழிவு உண்டு என்றார்கள். அது கிடைத்தாலும், பிறகு ஐகானுக்கே ஆண்டுக்கு 25,000 டொலருக்குக் குறையாமல் கட்டவேண்டும், சேர்வர்களை நடத்துகிற நிறுவனத்துக்குத் தனியாகவும் கட்டவேண்டும்.

மட்டக்களப்புக்கெண்டு ஒரு பின்னொட்டு எடுத்தா என்ன? வெளிநாட்டில இரிக்கிற நம்மட ஆக்கள் சல்லி தருவாங்களே?

பெர்லின், லண்டன், டோக்கியோ எல்லாவற்றுக்கும் இருக்கிறது, ஆகவே விதியில் தடை இல்லை. ஆனால் நகரத்தின் பெயரை நகரத்துக்காக எடுப்பதென்றால் அதற்குரிய அரச அதிகாரத்தின் ஆதரவுக் கடிதமோ ஆட்சேபனை இல்லை என்ற கடிதமோ கட்டாயம். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்றால் இரண்டு விண்ணப்பம், இரண்டு கட்டணம்.

எடுத்த பிறகு யார் பாவிப்பார்கள் என்பதைத்தான் முதலில் யோசிக்கவேண்டும். ஸ்பெயின் பக்கத்துக் கட்டலன் மொழிக்காரர் கேட் என்ற பின்னொட்டை 2005 இல் பெற்று ஒரு இலட்சத்துக்கு மேல் பெயர்களைச் சேர்த்தார்கள். அவர்களிடம் அந்த மொழியில் தளம் நடத்தும் பெரிய கூட்டம் ஏற்கனவே இருந்தது. நமக்கு முதலில் தளங்கள் வரட்டும். சல்லி சேர்ந்தால் நான் பாடசாலைகளுக்கு எஸ்சிஎச் எல்கேயில் பெயர் எடுத்து, பிள்ளைகளைக் கொண்டே தளம் நடத்தவைப்பேன்.

ஒரே பின்னொட்டை ரெண்டு கொம்பனி கேட்டா சண்டை வராதா?

வந்தது. பேசித் தீராவிட்டால் ஏலம். வெப் என்ற பின்னொட்டு 2016 இல் 135 மில்லியன் டொலருக்குப் போனது. பின்னால் காசு போட்டது கொம்மை நடத்தும் வெரிசைன் கொம்பனி என்று பிறகு வெளியே தெரிந்தது. கொம்முக்குப் போட்டியாக வரவேண்டிய பெயரைக் கொம்காரரே பிடித்தால் விரிவாக்கத்துக்கு என்ன அர்த்தம் என்று ஏலத்தில் தோற்ற கொம்பனி பல வருடம் வழக்காடியது. கேள்வி நியாயமானது.

காசு சம்பந்தப்படாத சண்டையும் உண்டு. அமேசன் என்ற இணைய வியாபாரக் கொம்பனி தன் பெயரையே பின்னொட்டாகக் கேட்டபோது, அது எங்கள் ஆற்றின் பெயர், எங்கள் காட்டின் பெயர் என்று பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. 2012 இல் தொடங்கிய இழுபறி 2020 வரை போய், கடைசியில் கொம்பனிக்கே கிடைத்தது.

பின்னொட்டு நடத்துற கொம்பனியே மூடிட்டா நம்மட தளம் போயிருமா?

உடனே போகாது. பொதுப் பின்னொட்டுகளுக்கு ஐகான் அவசர நடத்துநர் ஏற்பாடு வைத்திருக்கிறது. வெட் என்ற திருமணப் பின்னொட்டு 2017 இல் தடுமாறியபோது முதன்முதலாக அந்த ஏற்பாடு கையேற்றது.

நாட்டுப் பின்னொட்டில் வேறு வகை ஆபத்து. யூகோஸ்லாவியா என்ற நாடு போனது, அதன் வையூ பின்னொட்டும் 2010 இல் பட்டியலிலிருந்து போனது. டீவி துவாலுவுடையது, ஏஐ அங்குவிலா என்ற சின்னத் தீவுடையது. அழகுக்காக எடுப்பவர்கள் அந்த நாட்டின் தீர்மானங்களுக்கும் சேர்த்தே கட்டுப்படுகிறார்கள்.

கோர்ப், ஹோம், மெயில் மூண்டையும் ஐகான் விடவே இல்லையாம். இடமிரிக்கு எண்டு மேல சொன்னீங்களே, சேர்?

வந்தாறுமூலை மாணவன் ஒருவனின் கேள்வி. நல்ல பிடி. அந்தப் பெயர்களை அலுவலகங்களும் வீட்டு ரௌட்டர்களும் தங்கள் உள் வலையமைப்புக்குப் பல காலமாகவே பாவித்து வந்தன. அவற்றை உலகப் பட்டியலில் சேர்த்தால், உள்ளே போகவேண்டிய கோரிக்கை வெளியே யாரோ ஒருவரின் சேர்வருக்குப் போய்ச் சேரும். கடவுச்சொல்லும் கூடவே போகலாம். 2018 இல் அந்த மூன்றுக்குமான விண்ணப்பங்களை நிறுத்திவிட்டார்கள். இது இடப் பிரச்சினை இல்லை, பெயர் மோதல் பிரச்சினை.

நீங்க கூட்டச் சொல்ற பக்கமா, வேணாம் எண்ட பக்கமா?

கூட்டும் பக்கம். பெயர்களைச் செயற்கையாகத் தட்டுப்பாட்டில் வைத்திருக்கத் தொழில்நுட்பக் காரணம் இல்லை என்று மேலே சொல்லிவிட்டேன். என் சண்டை கட்டணத்தோடு. ஆறு கோடி ரூபாய் வாசலில் வைத்துவிட்டு, உலகத்து மொழிகளுக்கெல்லாம் கதவு திறந்திருக்கிறது என்று சொல்வது எனக்கு ஒவ்வவில்லை. சிறிய மொழிச் சமூகங்களுக்கு வேறு கட்டணம், வேறு வரிசை, நீண்ட கால அவகாசம் வைத்திருக்கவேண்டும்.

புதுசா வரப்போற பின்னொட்டுக்காகக் காத்திருக்கவா, இப்பவே எடுக்கவா?

இப்போதே எடுங்கள். விண்ணப்பக் காலம் 2026 ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை என்று ஐகான் அறிவித்தது. அது பின்னொட்டை நடத்த விரும்பும் கொம்பனிகளுக்கான காலம், நமக்கானது இல்லை. பரிசீலனை, ஆட்சேபனை, ஒப்பந்தம் எல்லாம் முடிந்துதான் பொதுமக்களுக்கு விற்பனை வரும். சென்ற சுற்றில் 2012 இல் விண்ணப்பித்தவற்றில் முதல் நான்கு பின்னொட்டுகள் 2013 ஒக்டோபரில்தான் வந்தன, பல இன்னும் வருடக்கணக்கில் இழுத்தன. எடுக்கும்போது டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகிறதா என்று பாருங்கள். செய்துகொடுப்பவரின் பெயரில் பதிய விடாதீர்கள், அது நானாக இருந்தாலும்.